முகவாதம் ஐந்தாம் நாள்: கரண்ட் வைக்கலாமா? கண்ணை எப்படிக் காப்பது? ஆபரேஷன் எப்போது?

நொய்யல்கரை:

வணக்கமுங்க. நோயாளி என் அத்தை. 54 வயசு, ஒன்பது வருஷமா சர்க்கரை, மாத்திரைதான், இன்சுலின் இல்லை. மூன்று மாத சராசரி கடைசியா 7.8.

ஞாயிறு காலை வாய் கொப்பளிக்கும்போது தண்ணி வலது ஓரமா ஒழுகியிருக்கு. மதியத்துக்குள்ள வலது கண் மூடலை, நெற்றியிலும் வலது பாதியில சுருக்கம் விழலை. முந்தின நாள் வலது காதுக்குப் பின்னால வலி இருந்தது. கை, கால், பேச்சு, நடை எல்லாம் சரி. திங்கள் மாலை டாக்டர் பார்த்து பெல்ஸ் பால்சி, அதாவது முகவாதம்னு சொல்லி பிரெட்னிசோலோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரை 50 மி.கி. பத்து நாளைக்கும், கண்ணுக்குச் சொட்டு மருந்தும் எழுதினார். ஸ்கேன் வேண்டாம்னுட்டார். இன்னைக்கு ஐந்தாம் நாள், துளி அசைவு இல்லை.

தெரிய வேண்டியது இவ்வளவுதான்:

சர்க்கரை இருக்கிறவங்களுக்கு இந்த ஸ்டீராய்டு அளவு சரியா? வெறும் வயித்துல பார்த்தா 138தான் காட்டுது. வைரஸ் மாத்திரை எழுதலையே, கேட்டு வாங்கணுமா? சொந்தக்காரங்க எல்லாரும் முகத்துல கரண்ட் (மின்தூண்டல்) வைக்கச் சொல்றாங்க, பலூன் ஊதச் சொல்றாங்க. செய்யலாமா? ராத்திரி கண் பாதி திறந்தே கிடக்கு, பஞ்சு வச்சு பிளாஸ்திரி ஒட்டியிருக்கோம். சரியா வராமப் போனா ஆபரேஷன்னு ஒண்ணு இருக்கா, எத்தனை நாள் கழிச்சு?

ஏழாம்நரம்பு:

பஞ்சை முதலில் எடுத்துவிடுங்கள். காரணத்தைக் கண் பகுதியில் இருப்பவர்கள் சொல்வார்கள், இன்று இரவே எடுத்துவிடுங்கள்.

மற்றதைப் பார்ப்போம். நெற்றியும் சேர்ந்து செயலிழந்திருப்பதால் கோளாறு ஏழாவது மூளை நரம்பில்தான் இருக்க வேண்டும். பக்கவாதத்தில் பெரும்பாலும் வாய் கோணும், நெற்றி சுருங்கும், கண் மூடும். நெற்றிக்கு மூளையின் இரு பக்கத்திலிருந்தும் கட்டளை வருவதுதான் காரணம். இதிலும் விதிவிலக்கு உண்டு. மூளைத்தண்டில் அடைப்பு வந்தால் நெற்றியும் போகும். அதனால் கை கால் பலவீனம், குழறல், இரட்டைப் பார்வை, தள்ளாட்டம் இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் முகவாதம் என்று வீட்டில் உட்காராமல் 108-ஐ அழைக்க வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு. உங்கள் அத்தைக்கு இவை எதுவும் இல்லை.

ஸ்டீராய்டு சரியான நேரத்தில் தொடங்கியிருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் என்பதுதான் விதி. மண்டையோட்டில் இந்த நரம்பு போகும் எலும்புக் கால்வாயின் குறுகலான இடம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அங்கே நரம்பு வீங்கினால் தானே தன்னை நெரித்துக்கொள்கிறது. வீக்கத்தை வடிப்பதுதான் மாத்திரையின் வேலை. நெரிபட்டு இழைகள் செத்த பிறகு அதைக் கொடுத்துப் பெரிதாகப் பலனில்லை.

ஸ்காட்லாந்தில் 551 பேரிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில் கொடுத்தது 25 மி.கி. வேளைக்கு ஒன்றாக நாளுக்கு இரண்டு, பத்து நாள். உங்கள் டாக்டர் எழுதியதும் அதே அளவுதான். மூன்றாம் மாதம் முழுக்கச் சரியானவர்கள் மாத்திரை எடுத்தவர்களில் 83 சதவீதம், எடுக்காதவர்களில் 64 சதவீதம். ஒன்பதாம் மாதம் 94-க்கு 82. இன்னொரு முறையும் உண்டு: 60 மி.கி. ஐந்து நாள், பிறகு நாளுக்கு 10 மி.கி. குறைத்துப் பத்தாம் நாள் முடிப்பது. இரண்டும் சரி. ஊரில் அடிக்கடி பார்க்கும் தவறு 10, 20 மி.கி. கொடுத்துவிட்டு 'ஸ்டீராய்டு போட்டும் கேட்கவில்லை' என்பது. அந்த அளவு இதற்குப் போதாது.

சர்க்கரை விஷயத்தில் நீங்கள் பார்க்கும் நேரம் தப்பு. காலையில் விழுங்கும் பிரெட்னிசோலோன் மதியத்திலிருந்து இரவு வரைதான் சர்க்கரையை ஏற்றும். விடியும்போது இறங்கிவிடும். வெறும் வயிற்று எண்ணை மட்டும் பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரியும். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் விரலில் குத்திப் பாருங்கள். 250-க்கு மேலேயே நின்றால் டாக்டரிடம் சொல்லி அந்தப் பத்து நாளுக்கு மட்டும் மருந்தைக் கூட்டிக்கொள்ளலாம். சர்க்கரை ஏறுகிறதென்று ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்த வேண்டாம். மாத்திரை காலை உணவுக்குப் பிறகு. கூடவே வலி மாத்திரை போட்டால் வயிறு புண்ணாகும். காசநோய், குடற்புண் முன்பு இருந்திருந்தால் டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும்.

வைரஸ் மாத்திரை: அதே ஸ்காட்லாந்து ஆய்வில் அசைக்ளோவிர் தனியாகக் கொடுத்தும் பலன் இல்லை, ஸ்டீராய்டோடு சேர்த்தும் கூடுதல் பலன் இல்லை. முழுக்க அசைவற்ற முகத்துக்குச் சேர்த்துக் கொடுத்தால் பின்னால் வரும் தசைக் குழப்பம் (ஒன்றை அசைத்தால் இன்னொன்றும் சேர்ந்து அசைவது) கொஞ்சம் குறையலாம் என்று சிலர் கொடுப்பார்கள். கொடுத்தாலும் தப்பில்லை, கொடுக்காவிட்டாலும் தப்பில்லை. ஆனால் ஒரு நிலையில் கட்டாயம்: காதுமடலின் குழிவில், காதுத்துளையில், மேல் அண்ணத்தில் கொப்புளம் வந்தால் அது ராம்சே ஹன்ட், பழைய சின்னம்மை வைரஸ் முகநரம்பில் மறுபடி கிளம்பியது. அப்போது வாலசைக்ளோவிர் 1 கிராம் நாளுக்கு மூன்று வேளை ஏழு நாளாவது ஸ்டீராய்டோடு போக வேண்டும். சிறுநீரகம் பழுதென்றால் அளவு குறையும். கொப்புளம் சிலருக்கு முகம் இழுத்து சில நாள் கழித்துத்தான் தலைகாட்டும். உங்கள் அத்தைக்குக் காதுவலி இருந்ததால் இந்த வாரம் முழுக்க தினமும் டார்ச் அடித்துக் காதைப் பாருங்கள். காது மந்தம், தலைசுற்றல் சேர்ந்தாலும் அன்றே போகவும்.

ஸ்கேன் இப்போது தேவையில்லை. தேவைப்படுவது இந்த நிலைகளில்: முகம் ஒரே நாளில் போகாமல் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தால், ஒரு கிளை மட்டும் போனால், காதுக்குக் கீழே கட்டி தட்டுப்பட்டால், காதில் சீழ் வடிந்தால், அதே பக்கம் மறுபடி வந்தால், இரண்டு பக்கமும் சேர்ந்து வந்தால், அல்லது மூன்று நான்கு மாதம் கழித்தும் இம்மி அசைவில்லை என்றால். எடுக்கும்போது மூளைத்தண்டிலிருந்து காதுக்கீழ் உமிழ்நீர்ச் சுரப்பி வரை, சாயம் ஏற்றி எடுக்க வேண்டும். வெறும் 'மூளை எம்.ஆர்.ஐ.' என்று எழுதினால் சுரப்பிக்குள் இருக்கும் கட்டி படத்துக்குள்ளேயே வராது.

ஐந்தாம் நாள் அசைவில்லை என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை. மருந்தே எடுக்காதவர்களில்கூட பெரும்பாலோருக்கு மூன்று வாரத்துக்குள் அசைவு தொடங்கும், சுமார் 70 சதவீதம் பேர் முழுக்க மீள்வார்கள். மூன்று வாரத்துக்குள் தொடங்கினால் நல்ல சகுனம். மூன்று மாதம் கழித்துத் தொடங்கினால் ஏதாவது குறை மிச்சம் இருக்கும்.

ஒரு வேலை செய்யுங்கள். இன்றைக்கே கைபேசியில் வீடியோ எடுங்கள்: சும்மா இருக்கும் முகம், புருவம் தூக்குவது, கண்ணை மெதுவாக மூடுவது, இறுக்கி மூடுவது, மூக்கைச் சுருக்குவது, பல் தெரியச் சிரிப்பது, உதடு குவிப்பது. வாரம் ஒருமுறை அதே இடம், அதே வெளிச்சம். டாக்டர் கேட்கும் பாதிக் கேள்விக்கு அதில் பதில் இருக்கும். முயன்றால் கண் முழுக்க மூடுகிறதா என்பதுதான் முக்கியமான கோடு. முகத் தளர்ச்சியைப் படிகளாகப் பிரிக்கும் ஹவுஸ்-பிராக்மன் அளவையில் மூடினால் மூன்றாம் படி, மூடாவிட்டால் நான்கும் அதற்கு மேலும்.

கருவிழி:

பஞ்சு ஏன் கூடாது: மூட முடியாத கண், கட்டுக்குள்ளே தானாகத் திறந்துகொள்ளும். திறந்த கருவிழியில் பஞ்சு ராத்திரி முழுக்க உரசும். காலையில் கட்டை எடுத்தால் கருவிழியில் கீறல், அதில் கிருமி, அப்புறம் வெள்ளைத் தழும்பு. வாய் கோணல் ஒன்பது மாதத்தில் நேராகலாம். தழும்பு விழுந்த கருவிழி நேராகாது. அதனால்தான் எங்கள் கண் மருத்துவத்தில் முகவாதத்தைக் கண் நோயாகவே பார்ப்போம்.

பகலில்: செயற்கைக் கண்ணீர் (கார்பாக்சிமெதில் செல்லுலோஸ் 0.5 அல்லது 1 சதவீதம், இல்லை ஹையலுரோனேட்) விழித்திருக்கும் நேரமெல்லாம் ஒன்று இரண்டு மணிக்கு ஒரு சொட்டு. ஒரு சொட்டு போதும், இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். இத்தனை தடவை விடுவதால் பிரிசர்வேட்டிவ் இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள். பென்சல்கோனியம் குளோரைடு என்ற பிரிசர்வேட்டிவ் கலந்த சொட்டை நாளுக்குப் பத்து முறை விட்டால் மருந்தே கருவிழியைப் புண்ணாக்கும். கண்ணில் தண்ணி வழிகிறதே, எதற்குச் சொட்டு என்று நிறைய பேர் நிறுத்திவிடுகிறார்கள். வழிவது கண்ணீர் அதிகமாகி அல்ல. கீழ் இமை தொங்கி, இமை தள்ளிவிடாததால் வெளியே வழிகிறது. கருவிழியின் கீழ்ப்பாதி காய்ந்துதான் கிடக்கும்.

இரவில்: படுக்கும் முன் சொட்டு ஒன்று. ஐந்து நிமிடம் கழித்து ஈரம் காக்கும் கண் களிம்பு, கீழ் இமையை இழுத்து உள்ளே அரை சென்டிமீட்டர் நீளம். களிம்புக்குப் பின் பார்வை மங்கும், அதனால் படுக்கையில் உட்கார்ந்து போடவும். பிறகு இமைத் தோலில் பட்ட களிம்பைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். இதை விட்டால் டேப் ஒட்டாது, நடுராத்திரி ஒரு முனை பிரிந்து ஒட்டுப்பக்கம் கருவிழியில் படும். நோயாளி கீழே பார்க்கட்டும். விரலின் பின்பக்கத்தால் மேல் இமையை மெல்ல இறக்கி மூடுங்கள். ஒரு அங்குல மைக்ரோபோர் டேப் ஐந்து சென்டிமீட்டர் நறுக்கி, மேல் இமையில் தொடங்கி வெளிப்பக்கக் கன்ன எலும்பை நோக்கிச் சாய்வாக ஒட்டுங்கள். முடிந்ததும் டார்ச் அடித்துப் பாருங்கள், இமை நடுவில் ஒரு கோடு வெள்ளை தெரிந்தாலும் பிரித்து மறுபடி ஒட்டுங்கள். மின்விசிறிக்கு நேராகப் படுக்க வேண்டாம். 

வெளியே போனால் பக்கம் மூடிய கண்ணாடி, வண்டியில் போனால் முகக்கண்ணாடி உள்ள ஹெல்மெட். மில் தூசியில் வேலை என்றால் விடுப்பு எடுப்பதே மேல். கான்டாக்ட் லென்ஸ் கூடாது. எண்ணெய், தாய்ப்பால், பன்னீர் எதுவும் கண்ணுக்குள் போகக்கூடாது.

சிவப்பு, வலி, வெளிச்சம் பார்க்கக் கூசுவது, பார்வை மங்கல் இவற்றில் எது வந்தாலும் அன்றே கண் டாக்டர். மஞ்சள் சாயம் போட்டு நீல விளக்கில் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரியும். அறிகுறி இல்லாவிட்டாலும் கண் மூடாத வரை வாரம் ஒருமுறை காட்டுங்கள். சர்க்கரைக்காரர்களுக்குக் கருவிழி உணர்ச்சி மந்தமாக இருக்கலாம், வலிக்காமலே புண் வரும்.

பிசியோ_அறை:

கரண்ட் பத்தி கேட்டிருந்தீங்க. நம்ம ஊர்ல முகவாதம்னா பிசியோதெரபின்னா கரண்ட்தான்னு ஆகிப்போச்சு. நேரடியாவே சொல்றேன்: பொய்க்கரண்ட் வச்ச குழுவோட ஒப்பிட்டுப் பார்த்ததுல மின்தூண்டலுக்குப் பலன் இருக்குன்னு காட்டுற நல்ல சான்று இல்லை. நூத்துல தானா மீளப்போற எழுபது பேருக்கும் கரண்ட் வச்சா, கரண்டாலதான் சரியாச்சுன்னு தோணும். அதுதான் அதோட புகழ். நரம்பு திரும்பி வர்ற நேரத்துல கரண்ட் வச்சா முகத்தசை எல்லாம் மொத்தமா ஒரே நேரத்துல சுருங்கும். நமக்கு வேணும்ங்கிறது அதுக்கு நேர் எதிர், ஒவ்வொரு தசையும் தனித்தனியா அசையணும்.

பலூன், சூயிங்கம், ஸ்ட்ராவுல பலமா ஊதுறது எல்லாமே வேண்டாம். அசைவே இல்லாதப்போ பலூன் ஊதினா நல்ல பக்கம்தான் வேலை செய்யும், அது இன்னும் இழுக்கும், கோணல் கூடித் தெரியும்.

இப்போ, அதாவது அசைவு வராத கட்டத்துல செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நாளுக்கு ரெண்டு மூணு தடவை அஞ்சு நிமிஷம் மென்மையா நீவி விடுங்க, கீழ்த்தாடையில இருந்து காதுப் பக்கம் மேல் நோக்கி. எண்ணெய் தொட்டுச் செஞ்சா தப்பில்லை, ரொம்ப சூடான ஒத்தடம் வேண்டாம், சர்க்கரை இருக்கிறவங்களுக்குத் தோல் வெந்தாலும் தெரியாது. நல்ல பக்கத்துக் கன்னத்தையும் கீழ் நோக்கித் தளர்த்தி விடுங்க, அதை யாரும் செய்யறதில்லை. மேல் இமை தூக்கிக்கிட்டே நின்னு இறுகிப் போகும். அதுக்கு, கீழே பார்க்கச் சொல்லி, இமை முடியைப் பிடிச்சு மெல்லக் கீழே இழுத்து 15 வினாடி வச்சிருங்க, நாலஞ்சு தடவை. சாப்பிடும்போது நல்ல பக்கமா மென்னு சாப்பிடச் சொல்லுங்க, முடிச்சதும் கன்னத்துக்குள்ள விரல் விட்டு மீந்த சோறை எடுத்துடணும், இல்லேன்னா பல்லு சொத்தையாகும்.

அசைவு தொடங்கின பிறகு கண்ணாடி முன்னாடி பயிற்சி. ஒவ்வொரு அசைவும் அஞ்சுல இருந்து பத்து தடவை, ரொம்ப மெதுவா, சின்னதா. ரெண்டு பக்கமும் சமமா போற அளவுக்கு மட்டும். நல்ல பக்கம் முந்துச்சுன்னா விரலால பிடிச்சு அடக்குங்க. "முடிஞ்ச அளவு பலமா"ங்கிற வார்த்தையே இதுல கிடையாது. தினமும் பத்து நிமிஷம் ரெண்டு தடவை போதும்.

பலமா செஞ்சா என்ன ஆகும்? நரம்பு இழை திரும்ப வளரும்போது கிளை மாறிப் போகும். கண்ணுக்குப் போக வேண்டியது வாய்க்குப் போகும். சிரிச்சா கண் சுருங்கும், கண்ணை மூடினா வாயோரம் இழுக்கும், கழுத்துல தசை நாண் மாதிரி விடைச்சு நிக்கும். இது மூணாவது நாலாவது மாசத்துக்கு மேலதான் தெரிய வரும், சாப்பிடும்போது ஒரு கண் சின்னதாகுதேன்னு வீட்டில் யாராவது முதல்ல கவனிப்பாங்க. அப்போ பயிற்சி திசை மாறணும். உதட்டைக் குவிக்கும்போது கண்ணை அகலமா வச்சிருக்கிறது, கண்ணை மூடும்போது வாயைத் தளர்வா விடறதுன்னு ஒட்டிப் போனதைப் பிரிச்சுப் பழக்கணும். மாசக்கணக்குல ஆகும். இந்தக் கட்டத்துல கரண்ட் வச்சா கெட்டுது.

ஊர்ல பனிக்காத்துப் பட்டதாலன்னு சொல்லி காதுல பஞ்சு அடைக்கச் சொல்வாங்க, சில இடத்துல புறா ரத்தம் தேய்க்கச் சொல்வாங்க. பஞ்சால கெடுதல் இல்லை. ரத்தம் மூடாத கண் பக்கத்துல வேண்டவே வேண்டாம்.

வடமராட்சி:

இதே இழைக்குள்ள கேக்கிறன், மன்னிக்கோணும். எங்கட அக்காவுக்கு 41 வயசு. காது நரம்புக் கட்டி எடுத்து 11 மாசம் ஆகுது. சத்திரசிகிச்சையில நரம்பை வெட்டேல்லை, முழுசா இருக்கு எண்டு குறிப்பில எழுதியிருக்கினம். ஆனா இடப்பக்க முகம் இண்டைக்கு வரைக்கும் ஒரு துளியும் அசையேல்லை. இன்னும் ஒரு வருசம் பொறுத்துப் பாருங்கோ எண்டு சொல்லினம். பொறுக்கலாமோ? கண்ணும் மூடுறேல்லை, அதில உணர்ச்சியும் குறைவு.

தையல்_நுனி:

இன்னும் ஒரு வருடம் பொறுக்க வேண்டாம். இந்த வாரமே தசை மின்பதிவுக்கு, அதாவது தசையில் ஊசி குத்தி அதன் மின்னலையைப் பார்க்கும் சோதனைக்கு, நாள் வாங்குங்கள்.

பெல்ஸ் பால்சியில் காத்திருப்பது நியாயம். இங்கே கணக்கு வேறு. நரம்பு வராத முகத்தசை சுமார் 12 முதல் 18 மாதத்துக்குள் மெலிந்து நாராகிவிடும். அதன் பிறகு எவ்வளவு நல்ல நரம்பைக் கொண்டுவந்து தைத்தாலும் இயக்க அங்கே தசை இருக்காது. நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். காதடியில் தைத்தால் வாயோரம் வரப் பத்து சென்டிமீட்டர், அதாவது மூன்று நான்கு மாதம். 11-ஆம் மாதம் தைத்தால் 15-ஆம் மாதம் போய்ச் சேரும். 23-ஆம் மாதம் தைத்தால் தையல் கூலிதான் மிச்சம். 'நரம்பு முழுசாக இருக்கிறது' என்பது கண்ணால் பார்த்தது. உள்ளே இழைகள் இருக்கின்றனவா என்பதற்கு அது சாட்சியல்ல. ஆறு மாதத்தில் சிறு அசைவும் வராதவர்களுக்குத் தானாக நல்ல மீட்சி வருவது அரிது.

மின்பதிவில் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று தெரியும். நரம்பு திரும்பி வருவதன் சிற்றலைகள் தெரிந்தால் இன்னும் சில வாரம் பார்க்கலாம். நரம்பில்லாமல் தசை தானே துடிக்கும் அலை மட்டும் என்றால் தசை உயிரோடு இருக்கிறது, நரம்பு வரவில்லை, இதுதான் தைக்க வேண்டிய நேரம். ஊசி குத்தியும் முழு மௌனம் என்றால் தசையே போய்விட்டது, புதுத் தசை வேண்டும்.

உங்கள் அக்காவுக்கு நடுவில் உள்ளதாக இருக்கும் என்று வைத்துப் பேசுகிறேன்.

முதல் தேர்வு, மெல்லும் தசையின் நரம்பை முகநரம்பின் சிரிப்புக் கிளையில் தைப்பது. காதின் முன்மேட்டிலிருந்து மூன்று சென்டிமீட்டர் முன்னே, கன்ன வளைவுக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே, ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைக்கும் நரம்பு அது. இடம் கிட்ட, இழைகள் அதிகம், நான்கு முதல் ஆறு மாதத்தில் அசைவு வரும். தொடக்கத்தில் பல்லைக் கடித்தால்தான் சிரிப்பு வரும், பழகப் பழகக் கடிக்காமலும் பலருக்கு வரும். குறை என்னவென்றால் சும்மா இருக்கும்போது முகத்துக்கு இறுக்கம் தராது.

அந்த இறுக்கத்துக்கு நாக்கு நரம்பு. முன்பு அதை முழுக்க வெட்டித் தைப்பார்கள், பாதி நாக்கு சூம்பிப்போய்ச் சாப்பாடு கன்னத்தில் தேங்கும். இப்போது பாதியளவு பிளந்தோ, பக்கவாட்டில் தைத்தோ எடுக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்வதும் உண்டு. விழுங்கும் நரம்பு ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் நாக்கு நரம்பைத் தொடக்கூடாது. கட்டி எடுத்தவர்களிடம் இதை முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நல்ல பக்க முகநரம்பின் ஒரு கிளையிலிருந்து மேலுதட்டு வழியாகக் காலின் சூரல் நரம்பைப் பாலமாகப் போடுவது. யோசிக்காமல் தானாக வரும் சிரிப்பு இதில்தான் கிடைக்கும். ஆனால் தூரம் அதிகம், போய்ச் சேரும் இழைகள் குறைவு, 50 வயதுக்கு மேல் சரியாக வருவதில்லை. 11-ஆம் மாதத்தில் இதை மட்டும் நம்பக்கூடாது. மெல்லும் நரம்பைத் தைத்துத் தசையைக் காப்பாற்றிக்கொண்டு, கூடவே பாலமும் போடலாம். சூரல் எடுத்தால் பாத வெளிவிளிம்பில் மரப்பு நிரந்தரம், முன்பே சொல்லிவிட வேண்டியது.

நேரம் கடந்தவர்களுக்குத் தொடையின் உட்புறத்திலிருந்து கிராசிலிஸ் தசைத் துண்டை ரத்தக்குழாய், நரம்போடு கன்னத்துக்கு மாற்றுவது. 1976-இல் ஜப்பானில் ஹாரியும் சகாக்களும் முகத்துக்கு முதலில் செய்து வெளியிட்டது. மெல்லும் நரம்போடு தைத்தால் ஒரே கட்டம். நல்ல பக்கப் பாலத்தோடு தைத்தால் இரண்டு கட்டம், நடுவே ஆறு முதல் பன்னிரண்டு மாதம், பாலத்தின் நுனியைத் தட்டினால் கூச்சம் தெரியும் வரை. கெடுவது மூன்று இடத்தில்: முதல் இரண்டு மூன்று நாளில் ரத்தக்குழாய் அடைப்பு, தடிமனாக எடுத்துவிட்டால் கன்னத்தில் நிரந்தர வீக்கம், வாயோரத் தையல் நழுவினால் தசை சுருங்கும் ஆனால் உதடு நகராது. மூன்றாவதைப் பற்றி வெளியில் குறைவாகவே பேசுவார்கள்.

நீண்ட ஆபரேஷன் தாங்காதவர்களுக்கு நெற்றிப்பொட்டுத் தசையின் தசைநாணை வாயோரத்துக்கு இழுத்துக் கட்டலாம். அதுவும் முடியாவிட்டால் தொடைச் சவ்வை வாராக வெட்டி உதட்டைத் தூக்கிக் கட்டுவது. அசையாது, எச்சில் ஒழுகாது, முகம் நேராக இருக்கும். காலத்தில் தளரும் என்பதால் மேசையிலேயே கொஞ்சம் கூடுதலாக இழுத்துத்தான் கட்டுவார்கள். முதல் வாரம் கண்ணாடி பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கண்ணுக்கு இதற்கெல்லாம் காத்திருக்கவே கூடாது. உணர்ச்சியும் குறைவு என்கிறீர்கள். மேல் இமைக்குள் தங்கம் அல்லது பிளாட்டினம் எடை வைப்பது அரை மணி நேர வேலை, மயக்க மருந்து இல்லாமல் மரக்க வைத்தே செய்யலாம். எடை 0.6 முதல் 1.6 கிராம் வரை. நோயாளியை உட்கார வைத்து இமைக்கு வெளியே ஒட்டிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். நரம்பு திரும்பினால் எடுத்துவிடலாம். எம்.ஆர்.ஐ. எடுக்கத் தடையில்லை.

கருவிழி:

மேலே சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். அந்த எடை புவியீர்ப்பால்தான் இமையை இறக்குகிறது. மல்லாந்து படுத்தால் மூடாது. எடை வைத்த பிறகும் இரவுக் களிம்பை நிறுத்தக்கூடாது. உணர்ச்சியற்ற கண் என்றால் வெளியோர இமைகளைத் தைத்துப் பாதி மூடிவிடுவது அழகில்லைதான், ஆனால் பார்வை நிற்கும். வடமராட்சி, உங்கள் அக்காவுக்குச் சொட்டு மருந்து மணிக்கு ஒன்று, கண் டாக்டரிடம் இந்த வாரமே.

நொய்யல்கரை:

பஞ்சை எடுத்தாச்சுங்க. டேப் ஒட்டற விதம் புரிஞ்சுது. மதியம் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா 291. டாக்டருக்குப் போன் போட்டாச்சு, மருந்தைக் கூட்டியிருக்கார். ஒரு சந்தேகம்: கண் சுருங்கறது, கழுத்து விடைக்கறது அப்படி வந்துட்டா அதுக்கு மருந்தே கிடையாதா?

ஏழாம்நரம்பு:

உண்டு, பயிற்சியோடு சேர்த்து போட்டுலினம் ஊசி, அதாவது தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் வகை ஊசி. கண்ணைச் சுற்றிப் புள்ளிக்கு ஒன்றிலிருந்து இரண்டரை யூனிட் வரை, கழுத்துத் தசைப் பட்டைக்கு அதைவிடக் கூடுதல். மூன்று முதல் ஐந்து நாளில் தெரியத் தொடங்கும், இரண்டு வாரத்தில் முழுப் பலன், மூன்று நான்கு மாதத்தில் தேயும், மறுபடி போட வேண்டும். நல்ல பக்கம் அதிகமாக இழுத்தால் அங்கேயும் சில யூனிட் போட்டுச் சமன் செய்வார்கள். கண்ணோரம் போடும்போது கொஞ்சம் கீழே இறங்கிவிட்டால் சிரிப்புத் தசையும் மயங்கி, மூன்று மாதம் வாய் இன்னும் தொங்கும். அதனால் முகவாதம் பார்த்துப் பழகியவர் கைதான் வேண்டும், சுருக்கம் எடுக்கும் அழகு நிலையக் கை அல்ல. போடாக்ஸ் யூனிட்டும் டிஸ்போர்ட் யூனிட்டும் ஒன்றல்ல, ஊசி மாற்றினால் எண்ணும் மாறும், சீட்டில் பெயரோடு எழுதி வாங்குங்கள். சாப்பிடும்போது கண்ணீர் கொட்டுகிற தொல்லைக்கும் கண்ணீர்ச் சுரப்பியில் இதே ஊசி உண்டு.

பாலாறு:

ஒரு காரணத்தை யாருமே சொல்லவில்லை. வாய் கோணாமல், கண் மட்டும் மூடவில்லை என்று வருபவரிடம், அந்தப் பக்கக் கன்னத்தில் உணர்ச்சியற்ற, வெளிறிய அல்லது சிவந்து தடித்த படை இருக்கிறதா என்று பாருங்கள். தொழுநோயில் முகநரம்பு முழுக்கப் போகாது. கன்ன எலும்பின் மேல் தோலுக்கு அடியிலேயே ஓடுகிற இமைக் கிளைதான் முதலில் அடிபடும். பெல்ஸ் பால்சி என்று பத்து நாள் ஸ்டீராய்டு கொடுத்து அனுப்பிவிட்டால் நரம்பு போனது போனதுதான். இதற்கு 40 மி.கி.-யில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை படிப்படியாக இறக்கி 12 வாரம் கொடுக்க வேண்டும், தொழுநோய்க் கிருமிக்கான கூட்டு மருந்தும் சேர்த்து. கூட்டு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். கண் மூடாமல் போய் ஆறு மாதத்துக்குள் வந்தால் திரும்ப வாய்ப்புண்டு.

நாள் கடந்தவர்களுக்கு நெற்றிப்பொட்டுத் தசையிலிருந்து ஒரு வாரை எடுத்து இரண்டு இமைக்குள்ளும் ஓட்டி, மூக்கோரத்தில் கட்டிவிடுவார்கள். பல்லைக் கடித்தால் கண் மூடும். வேலூர் பக்கம் கரிகிரியில் பல்லாண்டாகச் செய்துவரும் அறுவை இது. ஆனால் கடித்தால்தான் மூடும், தானாகச் சிமிட்டாது. நிமிடத்துக்குச் சில முறை பல்லைக் கடிக்கப் பழக்குவதுதான் ஆபரேஷனுக்குப் பிந்திய பெரிய வேலை.

வடமராட்சி:

மெத்தப் பெரிய உபகாரம். மின்பதிவுக்கு வெள்ளிக்கிழமை திகதி கிடைச்சிருக்கு. போகேக்க என்ன கொண்டு போகோணும்?

தையல்_நுனி:

சத்திரசிகிச்சைக் குறிப்பு, கட்டியின் அளவு எழுதிய திசு அறிக்கை, முன்பும் பின்பும் எடுத்த எம்.ஆர்.ஐ. தட்டு, கேட்புச் சோதனை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தால் அதன் பெயரைச் சொல்லுங்கள், ஊசி குத்துவார்கள். அன்று முகத்தில் கிரீம் எதுவும் பூச வேண்டாம். அறிக்கையில் 'அசைவு இல்லை' என்று மட்டும் எழுதி அனுப்பினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள், எந்தெந்தத் தசையில் குத்தினார்கள், ஒவ்வொன்றிலும் துடிப்பலை உண்டா இல்லையா என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.